இரண்டாம் அங்கத்து ஸ்கஃபிள்

அந்த ஒத்திகைக்கூடத்தின் சுவரில் எழுதி ஒட்டியிருந்த விதிகளை யாரும் பொருட்படுத்தியதில்லை. செருப்பை வெளியே விடவும் என்றிருந்த தாளுக்கு நேர் கீழேதான் எல்லோருடைய செருப்பும் கிடக்கும். எங்கும் எழுதப்படாத, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத விதி ஒன்று மட்டும் அங்கே தவறாமல் காக்கப்பட்டது. மேடையில் ஒருவன் இன்னொருவனைப் பிடித்துவிட்டால், பிடிபட்டவன் அந்தப் பிடித்த கையின்மேல் இரண்டு முறை தட்டும் வரை அதை எடுக்கக் கூடாது.

பார்ப்பவர்கள் கண்ணுக்கு, பிடித்தவன் முரடனாகவும் பிடிபட்டவன் பாவப்பட்டவனாகவும் தெரிவார்கள். உண்மையில் மேடைச் சண்டையை நடத்துபவன் பிடிபட்டவன்தான். எந்தப் பக்கம் சாய்வது, எப்போது தள்ளாடுவது, எதன்மேல் மோதுவதுபோலப் போய் நிற்பது எல்லாம் அவன் முடிவு. பிடித்த கை அவன் போகும் திசையில் கூடவே போகும். அளவு மீறினால் இழுத்து நிறுத்தும். ஆழத்தில் இறங்குகிறவன் இடுப்பில் கட்டிய கயிறு மாதிரி. கயிறு நடுவில் அவிழ்ந்தால் நடிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது, ஆள் நிஜமாகவே விழுவான். அதனால் அந்த விதி. அதற்கு ஒரு வாலும் இருந்தது: பிடிக்குள் நடந்ததைப் பிடித்தவன் வெளியே பேசுவதில்லை.

இதை அவளுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. குழுவுக்கு உடை தைப்பவள் என்ற முறையில் மேடையோரத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். குழுவின் மூத்த நடிகன் அவள் கணவன். அவர்கள் வீட்டிலேயே தங்கி, சின்னச் சின்ன வேடங்களிலிருந்து இப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்த இளைய நடிகன் அவள் கூடப்பிறந்த தம்பி. ஒரே வீட்டில் இரண்டு நடிகர்களை வைத்துக்கொண்டால் யார் எப்போது நிஜமாக முகம் சுளிக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதே தனி உத்தியோகம் என்று அவள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்தப் புது நாடகம் தொடங்கிய பிறகு அவள் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

நாடகம் ஆங்கிலத்திலிருந்து வந்தது. வீட்டுக்காரன் ஒருவன், அவனிடம் குடியிருப்பவன் ஒருவன், காணாமல்போன ஒரு கடிகாரம். இரண்டாம் அங்கத்தின் முடிவில் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பாய்கிறார்கள். குடியிருப்பவன் மேஜையில் மோதிச் சரிகிறான். மூன்றாம் அங்கம் முழுவதும், யார் தொடங்கியது என்ற விசாரணை. வீட்டுக்காரன் அவனைச் சொல்கிறான், அவன் வீட்டுக்காரனைச் சொல்கிறான். எதிரே உட்கார்ந்து கண்ணால் பார்த்த சபைக்கும் அது தெரிந்துவிடக் கூடாது. தெரிந்தால் மூன்றாம் அங்கமே தேவையில்லை. இவ்வளவு பாரம் சுமக்க வேண்டிய இடத்தில் மூல ஆசிரியர் எழுதியிருந்தது ஒற்றைச் சொல்: ஸ்கஃபிள்.

மொழிபெயர்த்தவர் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிப்பவர். குழுவில் எல்லோருக்கும் அவர் புரொபசர். நாடகம் முழுவதையும் மளமளவென்று தமிழாக்கியவர் அந்தச் சொல்லிடம் வந்து நின்றுவிட்டார். முதல் வாசிப்பன்று தம் சங்கடத்தை விளக்கினார். சண்டை என்று போட்டால் அதற்கு ஒரு காரணமும் இரண்டு கட்சியும் தேவைப்படும். அடிதடி என்றால் அடித்தவன் யார், பட்டவன் யார் என்று பிரிந்துவிடும். தகராறு வாயோடு முடிந்துபோகலாம். தள்ளுமுள்ளு வரிசையில் நிற்கும் கூட்டத்துக்குரியது. கைகலப்பு கிட்டத்தட்டப் பொருந்துகிறது: கைகள் கலந்துவிட்டன, எது யாருடையது என்று தெரியவில்லை. ஆனால் அதில் செய்தித்தாள் வாடை அடிக்கிறது. தவிர அதில் கால் இல்லை. ஆங்கிலச் சொல்லில் காலும் உண்டு என்றார் அவர். தரையில் கால்கள் இழுபடுகிற சத்தம் அந்தச் சொல்லுக்குள்ளேயே கேட்கும். உடம்போடு உடம்பு நெருங்கி, ஒழுங்கில்லாமல், கொஞ்ச நேரம் நடப்பது; பெரிய காயம் எதுவுமில்லாமல் முடிவது; முடிந்த பிறகு யார் தொடங்கியது என்று அந்த இருவருக்குமே நிச்சயமாகத் தெரியாதது.

"ஒருத்தன் இன்னொருத்தன ஸ்கஃபிள் பண்ணிட்டான்னு சொல்லவே முடியாதுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினாத்தான் உண்டு. அந்தச் சொல்லோட நியாயமே அதுதான்" என்று முடித்தார்.

நாடகத்தில் தபால்காரனாக வருகிறவர் குழுவின் நகைச்சுவை நடிகர். முந்தைய நாடகத்திலும் அதே வேடம் என்பதால் வெளியிலும் அவருக்குத் தபால் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் எழுந்து, "விளங்கிருச்சு சார். எங்க வீட்ல தினமும் காலையில பாத்ரூம் வாசல்ல நடக்குது. அதுக்கு இங்கிலீஷ்ல இவ்வளவு கௌரவமான பேர் இருக்குன்னு இப்பதான் தெரியுது" என்றார். கூடமே சிரித்தது. டைரக்டர், சொல் அப்படியே இருக்கட்டும் என்று தீர்மானித்தார். அன்றிலிருந்து அந்தக் காட்சிக்கு அதுவே பெயரானது. காலையில் வந்தால் முதலில் வசனம், பிறகு ஸ்கஃபிள், பிறகு டீ.

காட்சியை அமைத்தவன் அவள் கணவன். வீட்டுக்காரனாக வருபவனும் அவனே. குடியிருப்பவன், தம்பி. கணவன் தம்பியின் வலது தோளைச் சட்டையோடு சேர்த்துப் பிடிப்பான். தம்பி சுழல்வான், பிடியை இழுத்துக்கொண்டே மேஜைப் பக்கம் போவான், அதன் விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் தட்டுவான். கணவன் அவனைப் பின்னுக்கு ஓர் இழுப்பு இழுத்து விடுவான். தம்பி மேஜையைத் தொட்டும் தொடாமலும் சரிந்து உட்காருவான். அந்தக் கடைசி இழுப்பில் சட்டையின் தோள் கிழிய வேண்டும் என்பது டைரக்டரின் ஆசை. மூன்றாம் அங்கம் முழுவதும் கிழிந்த தோளோடு அவன் நிற்க வேண்டுமாம். அதற்காக அவள் தோள்பட்டைத் தையலை மட்டும் பிரித்து, இழுத்தால் விட்டுக்கொடுக்கும்படி பெரிய பெரிய இழைகளாகக் கையால் ஓட்டியிருந்தாள். ஒவ்வோர் ஒத்திகைக்குப் பிறகும் அந்தத் தோளை அவள் மறுபடி தைப்பாள்.

முதல் கன்றலை அவள் கண்டது சட்டையை வாங்கிக்கொள்ளும்போது. தம்பியின் இடுப்புக்குச் சற்று மேலே, சரியாக மேஜை விளிம்பின் உயரத்தில், ஒரு கறுப்பு. பனியனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஒண்ணுமில்லக்கா. கால் சறுக்கிருச்சு."

அடுத்து முழங்கை வீங்கியது. அப்புறம் விலா. ஒவ்வொரு தடவையும் அவனே முந்திக்கொண்டு ஒரு காரணம் சொன்னான். தரை, செருப்பு, தன் கவனக்குறைவு. மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாரும் கேட்பதற்கு முன்பே, "மாமா மேல தப்பில்ல" என்றும் ஒரு நாள் சொன்னான். அதுவரை அப்படி நினைத்திராதவர்களும் அதற்குப் பிறகு நினைக்கத் தொடங்கினார்கள்.

டைரக்டர் எதையும் பெரிதுபடுத்த விரும்பவில்லை. ஸ்கஃபிள் என்றால் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும் என்றார். புரொபசர் விளக்கியபோது துல்லியமாக இருந்த சொல், இப்போது கறை தெரியாமல் மேலே போட்டு மூடுகிற விரிப்பாகிவிட்டதை அவள் கவனித்தாள். யாரும் எவரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை காட்சி முடிந்ததும் கூடத்திலிருந்த கண்கள் எல்லாம் அவள் கணவனின் கைகளுக்குப் போயின. அவன் அந்தக் கைகளைக் கழுவிவிட்டு வந்து டீ குடித்தான்.

அவளும் பார்த்தாள். மற்றவர்கள் ஒத்திகைக்கூடத்தோடு விட்டுவிட்டுப் போனதை அவள் வீட்டுக்கும் கொண்டுபோனாள். சாப்பிடும்போது கணவன் தண்ணீர்ச் செம்புக்காகக் கையை நீட்டினான். பக்கத்திலிருந்த தம்பியின் தோள் சட்டென்று பின்வாங்கியது. கண் இமைக்கும் நேரம்தான். தம்பி உடனே சோற்றைப் பிசைவதில் மும்முரமானான். கணவன் செம்பை எடுக்காமலே கையை மடக்கிக்கொண்டான். தான் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது. மேற்கொண்டு யாரும் தண்ணீர் கேட்கவில்லை.

அதன் பிறகு எல்லாமே சாட்சியாகத் தோன்றியது. தம்பி குளிக்கக் கதவைத் தாழிட்டால் அது சாட்சி. கணவன் செய்தித்தாளை மடிக்கும்போது விரலால் அழுத்தி மடிப்பைத் தேய்த்தால் அதுவும் சாட்சி. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் அவளை நோக்கிக் கை ஓங்கியதில்லை. ஓங்காத கை என்பது ஓங்கத் தெரியாத கை என்று ஆகிவிடுமா என்று அவள் தனக்குள் கேட்டுக்கொண்டாள், கேட்டதற்காக வெட்கப்பட்டாள், வெட்கப்பட்ட பிறகும் கேட்டாள்.

காரணம் ஒன்று கிடைக்காமல்தான் அவள் சந்தேகம் நொண்டிக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்து சேர்த்தவர், பெயருக்கேற்றபடி, தபால். மாடிப்படியில் அவளை நிறுத்தி, வேறு என்னென்னவோ பேசிவிட்டுத் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். அடுத்த நாடகத்தில் கதாநாயகனாகத் தம்பியைப் போடலாமா என்று டைரக்டர் கேட்டிருக்கிறார். இன்னும் பக்குவம் வரவில்லை, ஒரு வருஷம் போகட்டும் என்று சொன்னது அவள் கணவனாம்.

"உங்க வீட்டுக்காரர் வாயில இருந்தே வந்துச்சும்மா. நாங்க எல்லாம் அங்கதான் இருந்தோம். உங்க தம்பிகூட அந்தப் பக்கம் பாய் சுருட்டிட்டு இருந்தான். எனக்கென்ன, ரெண்டு நாடகமா ஒரே வசனம். ஆனா வளர்ற பையன் இல்லையா" என்றார்.

அன்று சாயங்காலம் அவள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, டைரக்டர் கேட்டபோது என்ன சொன்னீர்கள் என்று கணவனிடம் கேட்டாள். இருப்பதைச் சொன்னேன் என்றான் அவன்.

"அவன் மேல உங்களுக்கு என்னங்க கோவம்?"

"கோவமா? யாரு சொன்னா?"

"அவன் உடம்பு சொல்லுது."

அவன் கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தான். பிறகு, "நான் பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்" என்று மட்டும் சொன்னான். பிடிக்குள் நடந்ததைப் பற்றிப் பேசக் கூடாது என்ற விதிக்குப் பின்னால் போய் அவன் வசதியாக ஒளிந்துகொள்வதாக அவளுக்குப் பட்டது.

மறுநாள் காலை, வழக்கமில்லாத வழக்கமாக, அவன் அவள் தையல் மெஷின் பக்கம் வந்து நின்றான். தம்பியின் மேடைச் சட்டையை எடுத்துத் தோளைத் திருப்பிப் பார்த்தான்.

"இந்தத் தையல இன்னும் கொஞ்சம் கெட்டியாப் போடேன்."

"கிழியணும்னுதானே டைரக்டர் சார் சொல்லியிருக்காரு?"

"கடைசியில கிழிஞ்சாப் போதும். நடுவுல துணி நிக்க மாட்டேங்குது."

"சாருக்குத் தெரியுமா?"

"தெரிய வேண்டாம்."

அவன் போன பிறகு அவள் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிடி போதவில்லை என்கிறான். தோளோடு சேர்த்து உலுக்கத் துணி தாங்கவில்லை என்கிறான். அதையும் கூடப்பிறந்தவள் கையாலேயே கெட்டியாகத் தைத்துத் தரச் சொல்கிறான், டைரக்டருக்குத் தெரியாமல். இத்தனை நாள் அங்குமிங்கும் அலைந்த சந்தேகம் அந்த நிமிஷத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டது. அவள் இருந்த இழைகளையும் உருவினாள். அதற்குப் பதில், பட்டும் படாமலும், ஊதினால் பிரிகிற மாதிரி ஓட்டினாள். கை வைத்தவுடன் துணி கையோடு போய்விட்டால் தம்பி தப்பித்துவிடுவான் என்பது அவள் கணக்கு. ஊசியைக் குத்திவைக்கும்போது மனம் லேசாக இருந்தது.

அன்றைய ஸ்கஃபிளை அவள் எழுந்து நின்று பார்த்தாள். கணவன் தோளைப் பிடித்தான். தம்பி சுழன்றான். மேஜைப் பக்கம் திரும்பிய முதல் அடியிலேயே தையல் விட்டது. சட்டையின் கைத்துணி முழுவதும் கணவனின் பிடியோடு வந்தது. இனி தம்பி நிற்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். தள்ளுகிறவனின் கை விலகிவிட்டால் தள்ளப்படுகிறவனின் வேகம் குறைய வேண்டும். தம்பியின் வேகம் கூடியது. வலது கை விடுபட்டு, விரல்கள் விரிந்து, எதையும் பற்ற நினைக்காமல் பக்கத்தில் தொங்கியபடி வந்தது. மேஜையின் மூலை அவன் புருவத்தைக் கிழித்தது.

எல்லோரும் ஓடினார்கள். ரத்தத்தை ஒருவர் துடைத்தார், ஒருவர் ஐஸ் என்று கத்தினார். ஓடாமல் நின்றது இரண்டு பேர்: துண்டுத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கணவன், ஸ்டூல் பக்கத்தில் அவள். ஒரு மனிதன் இன்னொருவனைத் தாக்கிய இடத்தில் சட்டைத் துணி யார் கையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் உலகம் தீர்ப்புச் சொல்லும். கூடமும் அப்படித்தான் பார்த்தது. அவளுக்கோ தன் தொழில் தெரியும். தள்ளுகிற கையில் துணி கிழிந்து வராது. போகிறவனைப் போகாதே என்று இழுக்கிற கையில்தான் வரும்.

கணவனும் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஓரத்தில் தொங்கிய நூலை விரலால் நிமிண்டினான். அது எவ்வளவு தளர்ந்த இழை என்று தெரிந்திருக்க வேண்டும். தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். கோபம் இருந்தால் தாங்கியிருப்பாள், இல்லை. துணியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

உடைமாற்றும் அறையில் தம்பியின் புருவத்துக்கு மருந்து வைத்தவள் அவள்தான். காயம் ஆழமில்லை. பஞ்சை ஒற்றிக்கொண்டே, குரல் மாறாமல் கேட்டாள்.

"ஏன்டா தட்டல?"

"நேரம் ஏதுக்கா? மாமா பிடிச்ச பிடியில..."

"பிடி விட்டுப்போச்சேடா. கை சும்மாதான இருந்துச்சு."

கண்ணாடியில் அவன் கண்கள் அவளை ஒருமுறை அளந்தன. பிறகு அவன் "ஆ" என்று முகத்தைச் சுளித்தான். எரிச்சலில் சுளித்ததா, அடுத்த கேள்வி வராமலிருக்கச் சுளித்ததா? பாய் சுருட்டிக்கொண்டிருந்தான் என்று தபால் சொன்னது அப்போது அவளுக்கு நினைவு வந்தது. கணவனின் பொறாமைக்குச் சாட்சியாக அவள் வாங்கி வைத்திருந்த அதே செய்தி, இந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் சரியாகப் பொருந்தியது. பக்குவம் வரவில்லை என்று சொல்லப்பட்டதைக் கேட்டுக்கொண்டே பாயைச் சுருட்டி, ஓரத்தில் சாத்திவைத்து, எதுவுமே நடக்காததுபோல் அன்று மாமாவோடு ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தவன் இவன். பக்குவம் வேறெப்படி வரும்?

ஆனாலும் அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இளம் ரத்தம், வேகம், நிஜமாகவே தட்ட மறந்திருக்கலாம். ஒரு சந்தேகத்தைக் கழற்றிய கையோடு இன்னொன்றை மாட்டிக்கொள்ள அவளுக்குப் பயமாக இருந்தது.

வெளியே டைரக்டர் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, இது ஸ்கஃபிள்தான், இதில் யார் கை, யார் கால் என்றெல்லாம் பார்க்க முடியாது என்றார். அதே மூச்சில், நாளை மத்தியானம் அழைப்பாளர்கள் சிலர் பார்க்க வருவதால் நாளைக்கு மட்டும் இப்படியே போகட்டும் என்றும், அதற்குப் பிறகு வீட்டுக்காரன் வேஷத்தைத் தபால் எடுத்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னார். குற்றம் இல்லாத இடத்தில் தண்டனை மட்டும் ஒருவனுக்கு எப்படி வந்தது என்று புரொபசர் கேட்டிருக்கலாம். அவர் தம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தபால் தரையைப் பார்த்தார்; அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. அவள் கணவன் தலையை ஆட்டினான், அவ்வளவுதான். ஒரு வாக்கியம் போதும்: நான் தள்ளவில்லை, இவன்தான் போகிறான். அதை அவன் சொல்லவில்லை. பிடித்தவன் பேசுவதில்லை. பஸ்ஸில் மூவரும் மூன்று வெவ்வேறு சீட்டுகளில் உட்கார்ந்து வீடு வந்தார்கள்.

மறுநாள் காலை அவள் மெஷினில் உட்கார்ந்தாள். கிழிந்த கைத்துணியைத் தரும்படி கணவனிடம் கை நீட்டினாள். அவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். இரட்டை நூல் கோத்து, உள்ளே ஒரு பட்டைத் துணி வைத்து, போன தையலின் மேலேயே மறு தையல் ஓட்டி, ஓரத்தை மடித்து இன்னொரு முறை அடித்தாள். தபால்காரன் வேடத்துக் காக்கிச் சீருடைக்கும் அவள் அவ்வளவு உழைத்ததில்லை. தம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்துச் சட்டையைக் கணவனிடம் காட்டினாள்.

"கெட்டியாத் தைச்சிருக்கேன்."

அவன் தோளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தான். தையல் அசையவில்லை.

"கடைசியில கிழியாதே. சார் கேப்பாரு."

"கேட்டா நான் சொல்லிக்கறேன்."

அவன் சட்டையை மடித்தான். மடிப்பைத் தேய்க்கிற அந்த விரல்களை அவள் வெகுநாளைக்குப் பிறகு பயமில்லாமல் பார்த்தாள். நகங்களுக்கடியில் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. விரையும் துணியை நுனிவிரலால் பிடித்து நிறுத்துகிறவனுக்கு அங்கேதான் அடிபடும். இத்தனை நாளும் அந்தக் கை அவள் கண்முன்தான் இருந்தது.

மத்தியானம் அழைப்பாளர்கள் வந்தார்கள். நாற்காலிகள் போடப்பட்டன. அவள் வழக்கமான ஸ்டூலுக்குப் போகாமல் நாற்காலி வரிசையின் நடுவில், மேஜைக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். புரொபசர் அவள் பக்கத்தில் இருந்தார். தபால் வந்து இரண்டு முறை "தபால்" என்று சொல்லிவிட்டுப் போனதற்கு எல்லோரும் சிரித்தார்கள். கடிகாரம் காணாமல்போனது. வீட்டுக்காரனுக்கும் குடியிருப்பவனுக்கும் பேச்சு முற்றியது. தம்பி நன்றாகவே நடித்தான். புருவத்துப் பிளாஸ்திரி அவன் பாத்திரத்துக்குக் கூடப் பொருந்தியது. கணவன் கையை நீட்டித் தோளைப் பிடித்தான்.

தம்பி சுழன்றான். பிடியை இழுத்துக்கொண்டு மேஜைப் பக்கம் போனான். தையல் விட்டுவிடும் என்று அவன் உடம்பு கணக்குப் போட்டிருந்தது, தையல் விடவில்லை. அவன் நின்றுவிட்டான். நின்றவன் மறுபடி முன்னே உந்தினான். கணவன் குதிகாலைத் தரையில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தான். செருப்புகள் தரையில் இழுபட்டன. அந்தச் சொல்லுக்குள் கேட்கும் என்று புரொபசர் சொன்ன சத்தம் கூடம் முழுவதும் கேட்டது. ஆனால் கை எது, கால் எது என்று தெரியாத குழப்பம் இப்போது அதில் இல்லை. மேஜையின் மூலையை நோக்கிப் போகத் துடிக்கிற ஒருவன், போகவிடாமல் சட்டையின் தோளை இறுக்கிக்கொண்டு நிற்கிற இன்னொருவன். இடையில் இரட்டை நூல் போட்ட ஒரு தையல். பக்கத்தில் புரொபசர் மெல்ல முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். டைரக்டர் கையிலிருந்த பேனாவை மூட மறந்திருந்தார்.

விளிம்புக்கு ஒரு சாண் இருந்தது. தட்ட வேண்டிய இடம். தம்பியின் வலது கை விரிந்தபடி தொங்கியது. அவன் தட்டவில்லை. இன்னொரு முறை உந்தினான்.

கணவன் நாற்காலிகளின் பக்கம் பார்த்தான். வீட்டுக்காரன் பாத்திரத்துக்கு அங்கே பார்வை கிடையாது. அவன் அவளைத்தான் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை.

அவன் அவசரப்படவில்லை. தம்பியைத் தோளோடு சேர்த்துப் பின்னுக்கு இழுத்தான், மேஜையை விட்டு ஓரடி, இன்னும் ஓரடி. சாய்ந்திருந்த உடம்பை நிமிர்த்தி, இரண்டு காலும் தரையில் சரியாகப் பதிகிற வரைக்கும் பிடித்திருந்தான். விழமாட்டான் என்று தெரிந்த பிறகு கையை எடுத்தான். எடுத்த கைகளை உள்ளங்கை வெளியே தெரியும்படி, விளக்கு வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்க உயர்த்தினான்.

தம்பி கிழியாத சட்டையோடு நின்றான். அவன் கை அப்போதுதான் தட்டுவதற்காக மேலெழுந்தது. தட்டுவதற்கு அங்கே யாருடைய கையும் இல்லை.